அத்தான் அளந்த தென்னை

அக்காவின் கழுத்தில் தாலி ஏறிய கையோடு அத்தான் அவளிடம் பேசிய முதல் பேச்சு, "அந்தப் பந்தல் கால் சரிஞ்சு நிக்கிது" என்பது. கலியாணம் முடிந்து சில நாள் கழித்து, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அக்கா இதை என்னிடம் சொன்னாள். சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தேன். அழுதாள். புதுப்பெண்ணிடம் முதன்முதலாகச் சொல்லுகிற வார்த்தையா அது? எனக்கு அப்போது பதினாறு வயது. அவளுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம், அத்தான் எங்களோடு இருந்த காலம் முழுக்க வீட்டில் இன்னொரு ஆளாகக் குடியிருந்தது.

எங்களோடு இருந்த காலம் என்று சொல்லுகிறேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். தாய் தன் வளவுக்குள்ளேயே ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டுவாள். வீட்டுக்கு அத்திவாரம் போட்ட பிறகுதான் மாப்பிள்ளைப் பேச்சே வாயில் வரும். அக்காவின் வீடு எங்கள் கல்லடி வளவில் வாவியைப் பார்த்த பக்கம் இருந்தது. அத்தான் களுதாவளையிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் குடையும் ஒரு கட்டுப் புத்தகமுமாக வந்து சேர்ந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணக்கு வாத்தியார். வெற்றிலை கூடப் போடமாட்டார். அப்பா இல்லாத வீட்டுக்கு இப்படி ஒரு மருமகன் கிடைத்தது பிள்ளையார் செயல் என்று அம்மா கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சொன்னதை ஒரு மாதத்துக்குள் விழுங்க வேண்டியதாயிற்று. உயரமாக எது நின்றாலும் அந்த மனிதரால் அதைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு மட்டை இருக்கும். சதுரமான தடித்த காகித மட்டையை மூலைக்கு மூலை வெட்டிய பாதி அது. ஒரு பக்கத்தில் நூல் கட்டி, நூலின் நுனியில் வலைக்குப் போடுகிற ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். மட்டை கோணாமல் பிடிக்க அந்தக் குண்டு. மரமோ கம்பமோ கண்ணில் பட்டால் போதும், மட்டையைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதன் சாய்ந்த விளிம்பு வழியே அண்ணாந்து பார்த்தபடி பின்னால் பின்னால் நடப்பார். மரத்தின் உச்சி அந்த விளிம்பில் வந்து பொருந்துகிற இடத்தில் நிற்பார். பிறகு நின்ற இடத்திலிருந்து மரத்தடிவரை அடிவைத்து அளப்பார்.

"இஞ்சரிந்து மரத்தடிக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் மரம். எண்ட கண்ணு நிலத்திலரிந்து எவ்வளவு உயரமோ அதையும் கூட்டினாச் சரி. ஏறிப் பாக்கத் தேவையில்ல" என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லுவார். பக்கத்தில் யாரும் நிற்காவிட்டாலும் சொல்லுவார். நிற்கிற பக்கம், கிடக்கிற பக்கம், சாய்ந்த பக்கம் என்று மூன்றுக்கும் அவர் பேர் வைத்திருந்தார். "ரெண்டு தெரிஞ்சா மூணாவது ஒளிஞ்சிரிக்க ஏலா" என்பது அவருடைய வாய்ப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் கும்பிடுகிற மாதிரி அதைச் சொல்லுவார்.

பள்ளிக்கூடப் பொடியன்கள் அவருக்கு அண்ணாந்த வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் அவருக்கு முன்பே பாலத்தைக் கடந்து எங்கள் வேலிப் படலைக்கு வந்துவிட்டது. மாலையில் அவர் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்தில் நின்று தோணிகளின் பாய்மரத்தை அளந்துகொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் பொடியன்கள் வெறுங்கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பின்புறமாக நடப்பார்கள். ஒருநாள் அம்மா மீன் பார்த்துக்கொண்டு நின்றபோது மீன்காரன் ஒரு கொடுவாயைத் தூக்கிக் காட்டி, "மாமி, இது எத்தின அடி எண்டு மருமகனக் கேட்டுச் சொல்லுங்க, அதுக்குப் புறகு விலை பேசுவம்" என்றான். அம்மா மீன் வாங்காமலே வந்துவிட்டார். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான். அத்தான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதனால் கத்தரிக்காய் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய மாமாவின் செத்த வீட்டில் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. பாடையைத் தூக்கியாகிவிட்டது. பெண்கள் மாரடித்து அழுகிறோம். அத்தான் கையை உயர்த்தி, "கொஞ்சம் நில்லுங்க. தலைப்பக்கம் தாழுது. முன்னுக்கு நிக்கிற நெட்டையர் பின்னுக்கு வரட்டும்" என்றார். தூக்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பாடையை இறக்கி, இடம் மாறி, மறுகா தூக்கினார்கள். பாடை மட்டமாகத்தான் போனது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒப்பாரி அறுந்துபோய்விட்டது. முக்காட்டுக்குள் இரண்டு மூன்று பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. அக்கா தலையைக் குனிந்தவள் குனிந்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

இதெல்லாம் சின்ன வெட்கங்கள். பெரியது கிணற்றடியில் வந்தது.

எங்கள் வளவுக்கும் கிழக்கே பக்கத்து வளவுக்கும் பொதுவாக வடக்கு மூலையில் ஒரு கிணறு. சுற்றிவரத் தென்னோலை பின்னிய கிடுகு மறைப்பு. பெண்கள் குளிக்கிற இடம். அத்தான் ஒருநாள் எங்கள் இலுப்பை மரத்தை அளக்கிறேன் என்று மட்டையும் கண்ணுமாகப் பின்னால் நடந்து, நடந்து, கிடுகு மறைப்பையும் உடைத்துக்கொண்டு கிணற்றடிக்குள் முதுகால் போய் விழுந்தார். பக்கத்து வளவு மாமியின் மூத்த மகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் இரண்டு வளவும் கூடிவிட்டது. மாமி வந்து பார்த்தார். மகளுக்குத் தன் சேலையில் பாதியை அவிழ்த்துச் சுற்றிவிட்டு, சேற்றில் கிடந்த அத்தானைப் பார்த்து, "எழும்புங்க மருமகன். மரத்தப் பாத்துக்கிட்டு வந்த மனிசன், வேற என்னத்தக் கண்டிரிப்பீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமி அந்தக் கதையை எடுத்ததே இல்லை. மாமி விட்டாலும் ஊர் விடுமா? கண்ணும் மூக்கும் வைத்துக் கட்டிச் சொன்னார்கள். பட்டணம்வரை போய்ச் சேர்ந்தது. எங்கள் மானம் கப்பலேறிப் போயிற்று.

அம்மா அன்றைக்கே விளக்கை ஏற்றி, அத்தானை அதற்கு முன்னால் நிறுத்தினார். "இனிக் கிணத்தடிப் பக்கம் அந்த மட்டையோட காலடி வைக்கமாட்டன் எண்டு பிள்ளையார் அறியச் சொல்லுங்க மருமகன்." அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தது. அவருக்கு வெட்கம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு எனக்கு வீடு கட்டுகிற காலம் வந்தது. வளவின் கிழக்குப் பக்கத்தில், மாமியின் வேலியோரமாக, ஓட்டு வீடு. சம்பந்தம் பேசி வந்தது கல்குடாப் பக்கத்து ஆட்கள், மாப்பிள்ளைக்குப் பட்டணத்தில் உத்தியோகம். நான் அவரைப் பாலத்தில் ஒருதரம் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்தது என்று அந்தக் காலத்தில் வாய்திறந்து சொல்ல முடியாது, ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்துவிட்டது.

என் வீட்டுக்கு மூலை பிடித்தவர் அத்தான். கயிற்றில் சமமான இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டு, ஒரு பக்கம் மூன்று முடிச்சுத் தூரம், மறுபக்கம் நாலு, சாய்ந்த பக்கம் ஐந்து என்று முளையடித்து இழுத்தார். ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார். கயிறு முறுகி நின்றதும், "பாருங்க மச்சாள், இந்த மூலை இனி உலகத்துல எங்க கொண்டுபோய் வெச்சாலும் நேர்மூலைதான். மூணு, நாலு, அஞ்சு. ஆரும் பொய் சொல்ல ஏலா" என்றார். கயிற்றின் மூலையில் குந்தியிருந்து அதைத் தடவிப் பார்த்தார். என் வீட்டின் நாலு மூலைக்கும் அப்படிச் செய்தார். ஒருநாளாவது அவரைப் பார்த்து நான் வெட்கப்படாமல் இருந்தேன் என்றால் அது அன்றைக்குத்தான்.

ஓடு போட்டு முடிந்தபோதுதான் எல்லோருக்கும் வேலியோரத்துத் தென்னை கண்ணில் பட்டது. மாமியின் வளவுக்குள் நிற்கிற வயதான மரம். எங்கள் பக்கமாக, வாவியைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. எங்கள் ஊர்த் தென்னை எதுதான் சாயாமல் நிற்கிறது? கீழே நின்று பார்த்தால் எவ்வளவு சாய்வு என்று மட்டுக்கட்ட முடியாது. மாரி வந்து காற்றடித்தால் வீட்டில் விழுமோ என்று அம்மாவுக்குப் பயம். வேலியருகே போய் மாமியிடம் கேட்டார். அந்த வேலியோரத்துத் தென்னை வரிசைதான் மாமியின் பெண்களுக்கென்று இருந்த சீதனம். மாமி மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "நல்லாக் காய்க்கிற மரம்கா. சரி, என்ன செய்யிற, உண்ட புள்ளையிட வீடு. வெட்டுவம்" என்றார். சொன்னபடி வாவிக்கு அக்கரையில் படுவான்கரையிலிருந்து மரம் வெட்டுகிற ஆட்களையும் தோணியில் கூப்பிட்டுவிட்டார்.

அவர்கள் கயிறும் கோடரியுமாக வந்து நிற்கையில் அத்தான் பள்ளிக்கூடத்துக்கு உடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "கொஞ்சம் பொறுங்க மாமி, அளந்து பாத்திட்டு வெட்டலாம். வீட்டுக்கு எட்டாட்டி ஏன் வெட்ட வேணும்?" என்றார். மட்டை வெளியே வந்தது. எங்கள் பக்கம் பின்னால் நடக்க இடமில்லை, என் வீடு நின்றது. தெற்கே மாமியின் மாட்டுக்கொட்டில் மறைத்தது. வடக்கே கிணற்றடி. அங்கே வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தான் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு மாமியின் முற்றத்துக்குள் போய், மரத்துக்கு நேர் பின்னால் நின்று, கிழக்கே பின்னால் பின்னால் நடந்தார். உச்சியைப் பிடித்தார். மரத்தடிவரை அளந்தார். மரத்தடியிலிருந்து என் வீட்டுச் சுவர்வரை அளந்தார்.

"ஒரு பாய் நீளம் மிச்சம் இரிக்கி. அப்பிடியே விழுந்தாலும் வீட்டுக்கு எட்டாது. வெட்டத் தேவையில்ல மாமி."

மாமி அம்மாவைப் பார்த்தார். கோடரிக்காரர்கள் வாய்பிளந்து அத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை வந்திருக்க வேண்டும். மருமகனை ஆட்கள் சிரிக்காமல் பார்ப்பது அதுதான் முதல்தரம். "மருமகன் சொன்னாச் சரிதான்" என்றார். ஆட்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தோணியேறிப் போய்விட்டார்கள்.

மாரி பிறந்து, காற்று கூடி, ஒரு விடியற்காலையில் அந்த மரம் விழுந்தது. வேர் கழன்ற சத்தம் முதலில் வந்தது. பிறகு ஓடுகள் நொறுங்குகிற சத்தம் நிற்காமல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். தென்னையின் தலை என் வீட்டு முகட்டில் கிடந்தது. கூரை நடுவில் முறிந்து உள்ளே இறங்கியிருந்தது. கிழக்குச் சுவர் வெடித்திருந்தது. உள்ளே யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சேற்றில் இருந்துவிட்டார். அத்தான் மட்டும் மழையில் நனைந்துகொண்டு, மரம் பெயர்ந்த குழியிலிருந்து மரத்தை ஒட்டி அடிவைத்து என் வீடுவரை வந்தார். மறுகா குழிக்குப் போய் மறுகா வந்தார். ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்திலும் அளக்கிறாரே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு விழுந்து கிடந்த மரத்தின் மேலேயே குந்திவிட்டார். தண்ணீர் முகத்தில் ஓடியது. துடைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய தாய்மாமன் வந்தார். இடிந்த கூரையைச் சுற்றிப் பார்த்தார். "குடிபோகாத வீட்டுல மரம் விழுந்திரிக்கி. குத்தம் வீட்டுலயா, ஆக்கள்லயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் கலியாணம் தொங்கியது. குற்றம் வீட்டில் என்றால் அது சகுனம். அந்த வீட்டுக்குள் அவர்கள் பையனை அனுப்பமாட்டார்கள். எங்கள் ஆட்களில் என்றால், புத்தியில்லாத குடும்பம் என்று ஆகிவிடும். பக்கத்து வளவில் என்றால் சகுனமும் இல்லை, எங்களுக்கு இழுக்கும் இல்லை. அம்மா கண்ணிமைக்காமல், "வெட்டச் சொல்லி எத்தின தரம் கேட்டம். பக்கத்து வளவுக்காரி மாட்டனெண்டு நிண்டவ" என்றார். தாய்மாமன் தலையாட்டினார். "அப்ப கோயில்ல வெச்சுத் தீத்துக்கொள்ளுங்க. நானும் வந்து கேக்கிறன். அவ குத்தம் எண்டு ஊர் சொன்னா எங்களுக்கு ஒரு வில்லங்கமும் இல்ல" என்றார்.

ஊர்ச் சண்டை எதுவானாலும் பிள்ளையார் கோயிலை நடத்துகிற வண்ணக்கரிடம்தான் போகும். வேலியோரத்துத் தென்னை அத்தனையையும் மாமி வெட்ட வேண்டும் என்று அம்மா அவரிடம் கேட்டார். மாமி வேலிக்கு மேலால், "உங்கட மருமகன்தானே வேணாமெண்டவர்" என்று சொன்னதற்கு, "அவர் அப்பிடி ஒண்டும் சொல்லல்ல" என்று அம்மா கதவைச் சாத்தினார். மரம் வெட்ட வந்தவர்கள் படுவான்கரையில் எந்த மூலையிலோ. உண்மையைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வெளியே யாரும் இல்லை.

கோயிலுக்குப் போகிற நாள் மத்தியானம் அம்மா அத்தானுக்குத் தானே சோறு போட்டார். "மருமகன், உங்களப் பொய் சொல்லச் சொல்லல்ல. வாயத் திறக்காம இரிந்தாப் போதும்." அக்கா பக்கத்தில் நின்று, "இந்த ஒரு தரம் எங்களுக்கு வெக்கக்கேடு வைக்காம இரிங்க. எண்ட தங்கச்சிக்காகக் கேக்கன்" என்றாள். அத்தான் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத்தான் வேண்டுமா, என் முகமே கேட்டிருக்கும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கோயில் வெளிமண்டபத்தில் ஆண்கள் இருந்தார்கள். நாங்கள் தூண்களுக்குப் பின்னால். தாய்மாமன் முன்வரிசையில். அம்மா சொன்னதை வண்ணக்கர் எடுத்துச் சொன்னார். மாமி தன் கதையைச் சொன்னார். வண்ணக்கர் யாரையும் பார்க்காமல், "ரெண்டு பக்கமும் கேட்டாச்சு. வேற ஆராவது சொல்ல இரிக்கா?" என்றார். கேட்க வேண்டுமே என்று கேட்டது.

அத்தான் எழும்பினார்.

"மாமி வெட்டத்தான் நிண்டவ. வேணாமெண்டது நான். அளந்ததும் நான்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வண்ணக்கர் அவர் பக்கம் திரும்பினார். "அளந்தாப் பிழை வருமா வாத்தியார்?" என்றார்.

அத்தான் மண்டபத்தை விட்டு இறங்கி, குடை நுனியால் மணலில் கோடு போட்டார். ஒரு நிற்கிற பக்கம், ஒரு கிடக்கிற பக்கம், ஒரு சாய்ந்த பக்கம். "மரம் நேரா நிண்டாத்தான் இந்தக் கணக்கு சரி. மரம் சாய்ஞ்சு நிண்டிச்சு. நான் அதுக்கு நேர் பின்னால நிண்டு பாத்தன். பின்னால நிண்டு பாத்தா, அங்கால சாயிற மரமும் நிமிந்து நிக்கிற மாதிரித்தான் தெரியும். கண்ணு பாத்தது உச்சிய. கால் அளந்தது அடிவரைக்கும். உச்சி அடிக்கு நேர மேல இல்ல, அதையும் தாண்டி எங்கட வீட்டுப் பக்கம் நிண்டிச்சு. அந்தத் தூரத்த நான் விட்டிட்டன். சாய்ஞ்ச பக்கம் எப்பயும் நிக்கிற பக்கத்தவிட நீளம். அதையும் விட்டிட்டன்." பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரியே நின்று சொன்னார்.

"பக்கவாட்டுல நிண்டு பாத்திரிந்தாச் சாய்வு தெரிஞ்சிரிக்குமே?" என்று வண்ணக்கர் கேட்டார்.

"தெரிஞ்சிரிக்கும்."

"ஏன் பாக்கல்ல?"

"பக்கவாட்டுல கிணறு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. பழைய கதை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. யாரோ, "மறுகாவும் கிணத்தடியா வாத்தியார்?" என்றார்கள். அத்தான் சிரிப்பு அடங்கும்வரை குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். காதுமடல் சிவந்திருந்தது. "கொஞ்சம் ஒதுங்குங்க எண்டு கேட்டிரிந்தா அவங்க ஒதுங்கியிரிப்பாங்க. எனக்குக் கேக்க வெக்கம். எண்ட வெக்கத்துக்காக, சாய்ஞ்ச மரத்த மனசுக்குள்ள நிமித்தி வெச்சுக் கணக்குப் பாத்திட்டன். பிழை மாமியில இல்ல, மரத்திலயும் இல்ல" என்றார்.

தாய்மாமன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. படியிறங்கிப் போய்விட்டார். மணலில் போட்ட கோடுகளின் மேலால்தான் நடந்து போனார். மாமி மேல் குற்றமில்லை என்று வண்ணக்கர் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏனோ எங்களைப் பார்த்துத்தான் அழுதார்.

வீட்டுப் படலையில் அம்மா நின்றுகொண்டார். அத்தானிடம் பேசவில்லை, அக்காவிடம் பேசினார். "இந்த மனிசன் இனி இந்தப் படலைக்குள்ள வரப்படாது. பெட்டிய எடுத்து வெளிய வை." வீடு பெண்ணுடையது என்றால் ஆணுக்கு அங்கே நிழல் மட்டும்தான் சொந்தம். எங்கள் ஊரில் அப்படி வெளியே போன புருஷன்மார் உண்டு. பெண்சாதி வீட்டிலேயே இருப்பாள். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் மறந்து அயத்துப்போகும். அக்காவும் இருப்பாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த மனிதரை நினைத்து அவளைவிட அதிகம் தலைகுனிந்தவர் யார்?

அக்கா உள்ளே போனாள். தகரப் பெட்டியோடு தன் பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். "நானும் போறன்மா" என்றாள். மாமியார் வீட்டில் போய் ஒண்டுவது எங்கள் பெண்களுக்கு மானம்போகிற காரியம். கேட்டால் நாலு பேர் காறித் துப்புவார்கள். அக்கா அதையெல்லாம் அறிந்துதான் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள். படலைவரை போய் அவளைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு என் மாப்பிள்ளை போன துக்கம்.

அடுத்த வருஷம் எனக்கு வேறிடத்தில் முடிந்தது. நல்ல மனிதர்தான், வயல்வட்டையில் வேளாண்மை. இடிந்த வீட்டைத் திருத்த வசதியில்லாமல் அக்காவின் வீட்டையே எனக்குக் கொடுத்தார் அம்மா. அவள் விட்டுப்போன ஆட்டுக்கல்லில் நான் அரைத்தேன், அவள் கட்டிய கொடியில் என் சேலையைக் காயப்போட்டேன். கலியாணத்துக்கு அவர்களை அம்மா அழைக்கவில்லை. அழையுங்கள் என்று நானும் சொல்லவில்லை. பக்கத்து வளவு மாமி மட்டும் பலகாரத்தோடு வந்து, "மூத்தவள் வரல்லயா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். எங்கே கொண்டுபோய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

அம்மா செத்த பிறகு நான் களுதாவளைக்கு பஸ் ஏறிப் போனேன். அவர்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்றுதான் போனேன். அத்தானுடைய தாயின் வீட்டுக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த ஒரு சின்ன வீடு. அத்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முற்றத்தில் யாருடைய மரத்துக்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மச்சாள், வாங்க" என்று தன் கதிரையைத் துடைத்துப் போட்டார். பழசு ஒன்றும் பேசவில்லை. வெயிலில் வந்திருக்கிறாள், குடிக்க ஏதாவது கொடு என்று அக்காவை அவசரப்படுத்தினார்.

குசினிக்குள் போய், "வீட்டுக்கு வாகா. அது உண்ட வீடு. நாங்க எண்ட வீட்டுக் கூரையத் திருத்திக்கிட்டு அங்கால போறம்" என்றேன்.

அக்கா அடுப்பை ஊதி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "இஞ்சயும் சிரிக்கிறாங்கதான். இவரு மட்டையத் தூக்கிட்டுப் போனா இஞ்சயும் பொடியனுகள் பின்னால போறானுகள். எனக்கு வெக்கமாயில்ல புள்ள. அங்க வந்து உங்களோட இரிக்கத்தான் வெக்கம்."

கோபமில்லாமல் சொன்னாள். தேத்தண்ணியை ஆற்றி என் கையில் தந்தாள். நான் குடித்தேன். வேறு என்ன செய்வது?

பஸ்சடிக்கு அத்தான் கூடவந்தார். வெயிலென்று குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தான் வெளியே நடந்தார். சந்தியில் ஒருவர், "ஆரு வாத்தியார் இது?" என்று கேட்டார்.

"எண்ட மச்சாள். கல்லடியிலரிந்து எங்களக் கூப்பிட வந்தவ" என்று அத்தான் அவருக்குப் பெருமையாகச் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நான் வேர்வையைத் துடைக்கிற சாக்கில் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பஸ் வரும்வரை எடுக்கவில்லை.